பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது வார்ப்பிரும்பு எஞ்சின் போட்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 பற்றி. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில், கிளட்சுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு டீகம்ப்ரஷர் லீவர் (இழுத்தால் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும்), ஹெட்லைட்டுக்கு மேலே கரண்ட் போவதையும் வருவதையும் காட்டும் அம்மீட்டர். செல்ஃப் கிடையாது. இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் 1949-இல் வந்த வடிவம். 1955-இல் ராயல் என்ஃபீல்டோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்த பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் உருவானது. 346 சிசி, 70 மி.மீ போர், 90 மி.மீ ஸ்ட்ரோக். பாயின்ட் (கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை), கண்டன்சர் (அந்தத் தொடுமுனை கருகாமல் காப்பது), காயில் (பொறிக்கான வோல்டேஜைத் தருவது), பேட்டரி என்று போகும் இக்னிஷன்தான் இதில் இருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிந்தைய மாடல்களுக்கு இந்தப் பக்கத்தில் பாதி பொருந்தாது.

நான் மெக்கானிக் இல்லை. அப்பாவின் வண்டியை வைத்துக்கொண்டு, காலும் கையும் சுட்டுக்கொண்டு கற்றவன். அவ்வளவுதான் தகுதி.

கே: 20 உதை உதைத்துவிட்டேன், சத்தமே இல்லை. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். 20 உதையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி 40 உதையிலும் ஆகாது. பிளக் நனைவதும் முழங்கால் வலிப்பதும்தான் மிச்சம்.

வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, இல்லை ரிசர்வுக்கும் கீழே போய்விட்டதா? சாவி போட்டிருக்கிறீர்களா? பிளக் கேப் பிளக்கில்தான் இருக்கிறதா? வண்டி நியூட்ரலில் நிற்கிறதா? சிரிக்காதீர்கள். மரக்காணம் தாண்டி இருட்டும் நேரத்தில் முக்கால் மணி நேரம் நான் உதைத்த வண்டியில், டீக்குடிக்க நிறுத்தியபோது நானே மூடிய பெட்ரோல் டேப் மூடியபடியே இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, பக்கத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர்.

நியூட்ரல் விஷயம் இந்த வண்டியில் முக்கியம். கிக்கின் விசை கியர்பாக்ஸ் வழியாகவும் கிளட்ச் வழியாகவும்தான் எஞ்சினுக்குப் போகிறது. புது வண்டிகள் மாதிரி கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய முடியாது. கிளட்சைப் பிடித்தால் கிக் எஞ்சினைச் சுற்றாது, காற்றில்தான் சுற்றும்.

கே: ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்த வரிசையில் தேடுவது?

கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது). இந்த வரிசைதான். மூன்றும் சரியான நேரத்தில் ஓரிடத்தில் கூடினால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை, அல்லது நேரம் தப்பியிருக்கிறது.

கரண்டை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாயின்ட் வண்டியில் பத்துக்கு ஏழு தடவை கோளாறு அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் நம்மில் பலர் செய்வது என்ன? நேராகக் கார்பரேட்டரைக் கழற்றுவோம். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இரண்டு நட்டு, கழற்றினால் வேலை செய்த மாதிரி ஒரு திருப்தி. அதைக் கழற்றும்போது ஒரு கேஸ்கெட் கிழியும், ஊசி பள்ளம் மாறி உட்காரும். ஒரு கோளாறு இருந்த வண்டிக்கு இப்போது இரண்டு. என் வண்டியை ஒரு பட்டறையில் விட்டபோது இரண்டு தடவை கார்பரேட்டருக்குக் காசு வாங்கினார்கள். கடைசியில் பார்த்தால், பாயின்ட்டுக்குப் போகும் ஒயரின் தோல் உரிந்து பாடியில் உரசிக்கொண்டிருந்தது. ஒரு சாண் இன்சுலேஷன் டேப்போடு முடிந்தது.

கே: எதையும் கழற்றாமல் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

உண்டு. உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது: அம்மீட்டர். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இந்த வண்டியில் அதைவிட நல்ல டாக்டர் கிடையாது.

சாவியைப் போட்டு, லைட்டை அணைத்துவிட்டு, கிக்கைக் காலால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகும். முள் மைனஸ் பக்கம் இரண்டு, மூன்று ஆம்பியர் சாயும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்குத் திரும்பும். கிக்கை நகர்த்த நகர்த்த முள் இப்படிச் சாய்ந்து நிமிர்ந்தால் பேட்டரியிலிருந்து பாயின்ட் வரை பாதை சரி.

முள் அசையவே இல்லையா? கரண்ட் போகவே இல்லை. ஹாரனை அடித்துப் பாருங்கள். ஹாரனும் செத்திருந்தால் பேட்டரி, பியூஸ், எர்த் ஒயர், சாவி ஸ்விட்ச், இவற்றில் ஒன்று. ஹாரன் நன்றாக அடித்தும் முள் அசையவில்லை என்றால் காயிலுக்குப் போகும் ஒயரையோ, பாயின்ட்டில் படிந்த அழுக்கையோ சந்தேகப்படலாம்.

முள் சாய்ந்தது சாய்ந்தபடியே, எவ்வளவு கிக்கை நகர்த்தினாலும் நிமிரவில்லையா? பாயின்ட் திறக்கவில்லை. பாயின்ட்டின் கேப் (இடைவெளி) அடைத்துப் போயிருக்கும். இல்லையென்றால் பாயின்ட் ஒயரோ கண்டன்சரோ பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கும். மேலே சொன்ன என் உரிந்த ஒயர் இந்த வகைதான். முள்ளைப் பார்க்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. பாயின்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். காயில் சூடாகி வீணாகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

கே: முள் சரியாக ஆடுகிறது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையே?

அப்படியானால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வைத்து, சாவி போட்டு கிக் அடியுங்கள். நிழலில் நின்று பாருங்கள், வெயிலில் நல்ல பொறிகூடத் தெரியாது. பிளக் துளைக்கு நேரே பிளக்கை வைக்காதீர்கள். உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். இந்தச் சோதனையை முடிக்கும் வரை பெட்ரோல் டேப்பை மூடி வையுங்கள்.

நீல நிறத்தில் ‘சட்’ என்று சத்தத்தோடு குதித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, மெலிதாக, நூல் மாதிரி வந்தால் அதை இருப்பதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெளியே தெரியும் பலவீனமான பொறி, சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் அழுத்தத்தில் வராமலே போய்விடும்.

பொறி இல்லையென்றால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்புறம் பிளக் கேப்பைத் திருகிக் கழற்றிவிட்டு, ஒயரின் நுனியை ஹெட்டிலிருந்து 5 மி.மீ தள்ளிப் பிடித்துப் பாருங்கள். காய்ந்த துணியாலோ பிளாஸ்டிக் இடுக்கியாலோ பிடியுங்கள், வெறும் கையால் வேண்டாம். கேப் இல்லாமல் பொறி வந்தால் கேப்தான் போயிருக்கிறது. மலிவான கேப்கள் உள்ளுக்குள்ளேயே எரிந்துவிடும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும்.

கே: பாயின்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது? அதன் கேப் (இடைவெளி) எவ்வளவு?

பாயின்ட் மூடியைக் கழற்றி, கிக்கை மெல்ல நகர்த்தி, பாயின்ட் முழுக்க விரியும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே ஃபீலர் கேஜ் வைத்தால் 0.35 முதல் 0.40 மி.மீ இருக்க வேண்டும். கேஜ் இல்லாத அவசரத்துக்கு விசிட்டிங் கார்டு உதவும். அது வீடு போய்ச் சேருவதற்குத்தான். போனதும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

இரண்டு முகங்களும் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நல்லது. கருத்து, ஒன்றில் மேடும் மற்றதில் குழியும் விழுந்திருந்தால் பாயின்ட் அரத்தால் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் போட்டால் அதன் பொடி முகத்தில் ஒட்டிக்கொண்டு கரண்டைத் தடுக்கும். வேறு வழியில்லாமல் போட்டால், அதற்குப் பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை இடுக்கில் விட்டு, தாளில் கறுப்பு வருவது நிற்கும் வரை இழுங்கள். கடையில் புதிதாக வாங்கிய பாயின்ட்டுக்கும் இந்தத் துடைப்பு வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். புது பாயின்ட் போட்டதும் வண்டி செத்துப் போனதாகப் புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான்.

பாயின்ட்டின் ஃபைபர் கால், அதைத் திறந்து மூடும் கேம் மேல் தேய்ந்து தேய்ந்து கேப் தானாகக் குறையும். அதனால் கேமுக்கு அரிசி அளவு கிரீஸ் வையுங்கள். அதிகம் வைத்தால் சூட்டில் உருகிப் பாயின்ட் முகத்தில் தெறிக்கும். கேப் குறைந்தால் டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், கூடினால் முந்தும். ஆகவே கேப்பை முதலில் சரிசெய்யுங்கள், டைமிங்கை அதன் பிறகு தொடுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டாவது தடவையும் டைமிங் பார்க்க வேண்டிவரும்.

கே: கண்டன்சர் போனதை எப்படித் தெரிந்துகொள்வது?

பாயின்ட் திறக்கும்போது அதன் இடுக்கிலேயே பளீரென்று பெரிய பொறி அடித்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை. சின்னப் பொறி சகஜம். வெல்டிங் மாதிரி அடித்தால்தான் கவலை. பாயின்ட் முகம் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகுவதும் அதே நோயின் அடையாளம்.

கண்டன்சருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், 15 கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் கையை விரித்துவிடும். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். காயிலும் சில சமயம் இப்படிச் செய்யும். ஆனால் கண்டன்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் அம்பாசடர் போன்ற பழைய காரின் கண்டன்சர்கூடப் போதும். மதிப்பு ஏறக்குறைய அதே 0.2 மைக்ரோ ஃபாரட்தான். உள்ளே பொருந்தாது என்பதால் வெளியே வைத்து, அதன் ஒயரைப் பாயின்ட் ஒயரோடும் உடம்பை எஞ்சினின் ஏதாவது ஒரு போல்ட்டோடும் இறுக்கிவிடுங்கள். பழைய கண்டன்சரின் இணைப்பை எடுத்துவிட மறக்க வேண்டாம். இப்படி வெளியே மாட்டியதை அப்படியே ஐந்தாறு வருடம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கே: கரண்ட் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கழற்றிய பிளக்கே சொல்லும். பத்து உதைக்குப் பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதிகமாகப் போய்விட்டது. அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கறுப்பு படிந்திருந்தால் கலவையில் நாள்பட்ட கோளாறு.

காய்ந்த பிளக் என்றால் கார்பரேட்டர் முனையில் ட்யூபைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பிடித்து, டேப்பைத் திறங்கள். நிற்காத ஒழுக்காக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப் சல்லடையில் டேங்க் துரு அடைத்திருக்கும். முதலில் நன்றாக வந்து போகப் போகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும் வண்டிகளில் இதையும் பார்க்க வேண்டும்.

ட்யூப் வரை வந்து, பிளக் மட்டும் காய்ந்திருந்தால் இப்போது கார்பரேட்டருக்கு வரலாம். அப்போதும் முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. திருப்புளியின் மரப்பிடியால் ஃப்ளோட் கிண்ணத்தில் இரண்டு தட்டு தட்டினால், மாட்டிக்கொண்ட ஃப்ளோட் ஊசி பல சமயம் இறங்கிவிடும். பெட்ரோல் நிற்காமல் வழிகிற ஓவர் ஃப்ளோவுக்கும் முதல் மருந்து அதே தட்டுதான்.

கே: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது.

சுலோ ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு. இரண்டு மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் ஜெட்டில் தங்கிவிடும். மிக்கார்ப் கார்பரேட்டரில் கிண்ணத்தைக் கழற்றினால் ஜெட் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிய வேண்டும். கிளீனர் அடித்துக் காற்று ஊதுங்கள். எஃகு கம்பி விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதானால் அந்த ஜெட் குப்பைக்குத்தான். பல இழை மின் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விடலாம்.

ஜெட் சுத்தமாக இருந்தும் இதே தொல்லை என்றால், கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது.

கே: பிளக் நனைந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

பெட்ரோல் டேப்பையும் சாவியையும் அணையுங்கள். சோக்கை எடுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி, டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு தடவை கிக் அடியுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைத் துடைத்து மாட்டி, டேப்பைத் திறக்காமலே சாவி போட்டு ஒரு உதை. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலே ஸ்டார்ட் ஆகப் போதும், ஓட ஆரம்பித்ததும் டேப்பைத் திறங்கள்.

கே: உதைப்பதற்கே ஒரு முறை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஆள் முதல் உதையில் ஸ்டார்ட் செய்வதையும், மல்யுத்த வீரர் மாதிரி இருப்பவர் வியர்த்துக் கொட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். பலம் பெரிய விஷயமே இல்லை.

காலையில் முதலில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை கிக்கை இறக்குங்கள். இரவெல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கிடந்த கிளட்ச் பிளேட்டுகள் பிரியும், முதல் கியர் போடும்போது ‘தடால்’ என்று குதிக்காது. அப்புறம் பெட்ரோலைத் திறந்து, சோக் போட்டு, சாவி போடாமல் இரண்டு உதை. உள்ளே கலவை போய்ச் சேரும்.

இப்போது சாவி போட்டு, கிக்கை மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் கனக்கும், அம்மீட்டர் முள் சாய்விலிருந்து நடுவுக்கு வரும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். அங்கே டீகம்ப்ரஷரை இழுத்து, கிக்கை இன்னும் ஒரு அங்குலம் போல இறக்குங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லீவரை விடுங்கள். கிக்கை முழுக்க மேலே வரவிட்டு, ஒரே நீளமான உதை, கடைசி வரை. வெடுக்கென்று குத்தக் கூடாது, உடம்பு எடையை இறக்க வேண்டும். அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் அந்தக் கனமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடுகிறது. சூட்சுமம் அதுதான்.

சோக் போட்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். மிக்கார்பில் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் சோக் பாதை பெட்ரோலை இழுக்கும். முறுக்கினால் சோக் போட்டும் போடாததும் ஒன்று. எஞ்சின் சூடாக இருக்கும்போது சோக் வேண்டாம், ஒரு நூல் மட்டும் முறுக்கி உதைத்தால் போதும்.

கே: கிக் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது.

இது விளையாட்டில்லை, கணுக்கால் உடைந்தவர்கள் உண்டு. பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே பொறி விழுந்து, எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றப் பார்க்கிறது. அரைகுறையாக உதைத்தாலே இது நடக்கும். சரியாக உதைத்தும் அடித்தால் டைமிங் அதிகம் முந்தியிருக்கிறது. அல்லது பாயின்ட் தட்டுக்குக் கீழே இருக்கும், வேகம் கூடக் கூட டைமிங்கை முந்த வைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் குண்டுகள் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே நின்றிருக்கின்றன. கேமைக் கையால் திருகிவிட்டால் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் சுத்தம் செய்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். 350-க்கு அட்வான்ஸ் மூடிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ முன்னால் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும்.

செருப்புக் காலோடு புல்லட்டை உதைக்காதீர்கள். முழங்காலை விறைப்பாக நீட்டாமல், லேசாக மடங்கியபடி வைத்திருங்கள்.

கே: கிக் வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி இறங்குகிறது. கம்ப்ரஷன் போய்விட்டதா? ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யச் சொல்கிறார்கள்.

ரீபோருக்கு வண்டியை இறக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். மூன்றுக்கும் பெரிய செலவில்லை.

ஒன்று, டீகம்ப்ரஷர் கேபிள். கேபிள் இழுவையாக இருந்தால் வால்வு முழுக்க மூடாது. உதைக்கும்போது ஹெட்டிலிருந்து ‘புஸ்’ என்று காற்று போகும். லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கும்படி கேபிளை விடுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பும்போதும் அந்தத் தளர்வு இருக்க வேண்டும்.

இரண்டு, புஷ் ராடு வழியாக வால்வைத் திறக்கும் டேப்பட். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, கம்ப்ரஷனில் பிஸ்டனை உச்சியில் வைத்து, வலப்பக்க டேப்பட் மூடியைத் திறங்கள். இரண்டு புஷ் ராடுகளும் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த வண்டிக்குக் கேஜ் வைத்து அளக்கிற இடைவெளி இல்லை, விரல்தான் கேஜ். ராடு சுற்றவில்லை என்றால் டேப்பட் டைட். வால்வு முழுக்க உட்காராமல் கம்ப்ரஷன் கசியும். ‘டிக் டிக்’ சத்தம் பிடிக்காமல் டேப்பட்டை இறுக்கச் சொல்கிறவர்களுக்கு வால்வு கருகும்போதுதான் விஷயம் புரியும்.

மூன்று, கிக் இறங்கும்போது எஞ்சின் உண்மையிலேயே சுற்றுகிறதா? கிளட்ச் வழுக்கினால் கால் மட்டும் இறங்கும், எஞ்சின் நகராது. கிளட்ச் கேபிளில் தளர்வே இல்லாமல் இருந்தால் இப்படி ஆகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி உதைத்துப் பாருங்கள். கம்ப்ரஷன் திரும்பி வந்தால் ரிங், போர் தேய்மானம். வரவில்லையென்றால் வால்வு. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் கம்ப்ரஷன் வந்த இடத்தில் கிக் மேல் ஏறி நின்றால் அது உடனே இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அமிழும்.

கே: தாத்தாவின் வண்டி நான்கு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எழுப்ப முடியுமா?

முடியும், ஆனால் நேராகப் போய் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கைக் கையால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருந்தால் காலால் மிதிக்க வேண்டாம், மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு.

பழைய பெட்ரோலை முழுக்க வெளியே எடுங்கள். வாசனையிலேயே தெரியும், வார்னிஷ் மாதிரி இருக்கும். 2023-இல் இருந்து இங்கே விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது, நிற்கிற வண்டியின் டேங்கில் துருவை வளர்க்கும். பழைய ரப்பர் ட்யூபும் வாஷரும் அதில் ஊறி உப்பிவிடும். ட்யூபை மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஒரு அறை. மாதக்கணக்கில் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேர்ந்துவிடும். கிக் கனமாக இருக்கும். ஸ்டார்ட் ஆனதும் கொசு மருந்து வண்டி மாதிரி வெள்ளைப் புகை தள்ளும். பயந்து ரிங் மாற்றப் போகாதீர்கள். கீழே உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, சேர்ந்ததை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றுங்கள்.

பேட்டரியைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலிக்கு அது பிடித்த வீடு. ஒரு நண்பரின் வண்டியில் முழுத் தேங்காய் நாரே எடுத்தோம்.

கே: பேட்டரி இறங்கிவிட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கொஞ்சம் உயிர் இருந்தால் செய்யலாம். இரண்டாவது கியர், சாவி போட்டு, கிளட்சையும் டீகம்ப்ரஷரையும் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். வேகம் வந்ததும் முதலில் கிளட்சை, ஒரு நொடி கழித்து டீகம்ப்ரஷரை விடுங்கள். சுத்தமாகச் செத்த பேட்டரியில் இது கைகொடுக்காது, காயிலுக்குக் கரண்ட் வேண்டுமே. லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் அணைத்து வைத்தால் இருக்கிற கொஞ்சமும் காயிலுக்குப் போகும். நிறுத்தி வைத்திருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அருகில் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள்.

கே: வண்டியைக் கழுவினேன், அதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை.

பிளக் கேப்பிலோ பாயின்ட் மூடிக்குள்ளோ தண்ணீர். திறந்து துடைத்து, வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள். அடுத்த தடவை பிரஷர் வாஷ் வேண்டாம்.

கே: கையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

புது பிளக் ஒன்று, அதைக் கழற்றும் ஸ்பேனர், பாயின்ட் செட், கண்டன்சர், இரண்டு பியூஸ், ஒரு அடி ஒயர், திருப்புளி, இன்சுலேஷன் டேப், வெள்ளைத்தாள். எல்லாம் டூல் பாக்ஸில் ஒரு மூலையில் அடங்கிவிடும். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இவை எளிதாகக் கிடைக்கும். பாயின்ட்டிலும் கண்டன்சரிலும் போலிகள் மலிந்து கிடக்கின்றன, இரண்டு ரகத்தையும் கையில் வாங்கி எடையைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டன்சரை மாற்றினால் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் நம்பகமான ஸ்பேர்.

கே: எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை.

கடைசியாக நீங்கள் எதைத் தொட்டீர்கள்? நேற்று ஓடிய வண்டி இன்று ஓடவில்லை, நடுவில் நீங்கள் எதையோ மாற்றினீர்கள் என்றால் அங்கே திரும்பிப் போங்கள். புதிதாக வாங்கிய பொருள் என்பதற்காக அதை நம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் டைமிங், டேப்பட், ஜெட் எல்லாம் பார்த்தேன். சாயங்காலம், காலையில் கழற்றி வீசிய பழைய பிளக்கைச் செடிக்கடியில் தேடி எடுத்து, துடைத்து மாட்டினேன். இரண்டாவது உதை.